வான்சாத் தோல்

இரண்டு பக்கமும் தடவியிருந்த மாஸ்டிஷ் பசை காய்ந்துவிட்டதா என்று கிசாச்சோ புறங்கையால் தொட்டுப் பார்த்தான். கையில் ஒட்டவில்லை. கையில் ஒட்டாத பதம் வந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டும். அந்தப் பசையின் குணம் அப்படி. பழைய குடையிலிருந்து பிடுங்கிய கம்பிகளை மேசைப் பலகையின் மேல் வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் வெனீரைப் படுக்க வைத்தான். தாளைவிடக் கொஞ்சம் தடிப்பாகச் சீவி எடுத்த வான்சா மரம். நாலு ஓரத்தையும் கண்ணால் அளந்தான். இனி ஒவ்வொரு கம்பியாக உருவ வேண்டும், உருவ உருவ உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மாஸ்டிஷும் மாஸ்டிஷும் தொட்டுவிட்டால் பிறகு தப்பாக வைத்துவிட்டேன், கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிஸ் அபாபாவின் மெர்காத்தோ சந்தையில் ஒரு செருப்புப் பட்டறையில் அடித்தோல் ஒட்டியே தலை நரைத்தவன் அவன். ஆனாலும் முதல் கம்பியை உருவும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி தெவாபெச் பெய்ரூட்டிலிருந்து வருகிறாள்.

அவள் வரும்போது அந்த வீட்டில் வான்சா மேசை இருந்தாக வேண்டும். நாலு வருடமாகத் தொலைபேசியில் அவள் கேட்ட கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். சாப்பிட்டாயா, வீட்டுத் தவணை கட்டினாயா, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, மேசை எப்படி இருக்கிறது. மேசை என்ன, கூடப் பிறந்த தங்கையா என்று அவன் ஆரம்பத்தில் கிண்டல் செய்திருக்கிறான். பிறகு கிண்டலை நிறுத்திவிட்டு, அப்படியே இருக்கு, அப்படியே இருக்கு என்று சொல்லப் பழகிக்கொண்டான். போட்டோ எடுத்து அனுப்பு என்றபோது தன் போனுக்கு அந்தத் துப்பெல்லாம் இல்லை என்றான். அது மட்டும் உண்மை.

அந்த மேசை அவள் கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது. மூலை மழுங்கிய நீள்பலகை, சாய்ந்த கால்கள், கீழே பேப்பர் போட்டுவைக்க ஒரு தட்டு. அடிஸ் அபாபாவில் ஒரு காலத்தில் இரண்டு வீட்டுக்கு ஒன்று அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் மற்றவர்களுடையது மரத்தூளை அழுத்தி மேலே மரத்தோல் ஒட்டிய பொடிப்பலகை; தெவாபெச்சினுடையது முழு வான்சா. கிசாச்சோவின் அம்மாவுக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. அப்பா பெயர் தெரியாத இடத்திலிருந்து பெண் எடுத்துவிட்டான் என்று அக்கம்பக்கமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவள், மேசையை ஒருமுறை தடவிப் பார்த்து, "வான்சாவா?" என்று கேட்டாள். "என் சித்தப்பா செஞ்சு குடுத்தது" என்றாள் தெவாபெச். அதற்குப் பிறகு அம்மா வாயைத் திறக்கவில்லை. வான்சாவை அறுத்து மேசை செய்து அனுப்பும் சித்தப்பா உள்ள பெண்ணைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அந்தச் சித்தப்பாவைக் கிசாச்சோ ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த மேசையைத்தான் பிள்ளைபோல் துடைத்து வைத்தார்கள். காபி வைக்கும்போது சாம்பிராணிச் சட்டியை யாராவது அதன் மேல் வைக்கப் போனால் தெவாபெச் தாவி வந்து பிடுங்கிக்கொள்வாள். காபிக்காகத் தரையில் தூவிய புல்லுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம் என்பாள். இவ்வளவு கண்டிப்பானவள், இஸ்திரி மட்டும் அந்த மேசையின் மேல்தான் போடுவாள். அவன் வேலை முடிந்து வரும்போது சில நாள் மேசையைத் தொட்டால் சுடும். உன் சட்டையைத் தேய்த்தேன் என்பாள். சட்டை கொடியில் கசங்கித்தான் தொங்கும். பெண்களின் நியாயம் தனி நியாயம் என்று விட்டுவிடுவான்.

அப்படிப்பட்ட மேசையை அவன் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

அவள் போன இரண்டாம் வருடம், மழைக்காலத்தில், போன் வருவது நின்றது. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, மழை தொடங்கி, அது ஓய்ந்து மஞ்சள் மஸ்கல் பூ பூக்கிறவரைக்கும் ஒரு சொல் இல்லை. அவளை அனுப்பிய ஏஜென்சி பூட்டிக் கிடந்தது. பட்டறையில் ஒருவன், அங்கே போன என் மச்சினி இன்னொருத்தனோடு குடித்தனம் வைத்துவிட்டாள் என்று ஆறுதல்போலச் சொன்னான். கிசாச்சோ குடிக்கிறவன் இல்லை, கத்துகிறவனும் இல்லை. ஒரு மத்தியானம் கீழே பழைய சாமான்காரன் "குராலேயோ" என்று இழுத்துக் கூவிக்கொண்டு போனபோது சன்னல் வழியாகக் கூப்பிட்டு, மேசையைக் காட்டினான். அவன் பதிலுக்கு இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளைக் கொடுத்தான், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மேசை மாடிப்படியில் இறங்கும்போது எதிர்வீட்டு அயலெச் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"கட்டினவ செத்தாக்கூட அவ சாமானை நாப்பது நாள் வச்சிருப்பாங்க" என்றாள் அவள்.

சிவப்புத் தொட்டியை அவளிடம் கொடுத்தான். அவளும் வாங்கிக்கொண்டாள். பத்து நாள் கழித்துத் தெவாபெச்சின் போன் வந்தது. என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. குரல் மட்டும் மெலிந்திருந்தது. கடைசியில், "மேசை இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இப்போது இத்தனை பாடு.

மேசை போனது ஒரு விஷயமே இல்லை. எப்போது போனது என்பதுதான் விஷயம். அவள் அங்கே யாரோ வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவள் வரமாட்டாள் என்று இங்கே இவன் முடிவு கட்டிவிட்டான். அது அவளுக்குத் தெரியக் கூடாது. வேறு எதையும் அவன் மறைக்கவில்லை.

மெர்காத்தோவில் 'என்ன வச்சிருக்கே' என்றே பெயர் கொண்ட சந்து ஒன்று உண்டு, மினாலெஷ் தெரா. ஊரில் தூக்கிப்போட்ட எல்லாம் அங்கே வந்து சேரும். நாலு ஞாயிறு அலைந்து, அதே சாயலில் ஒரு மேசையைப் பிடித்தான். அதே சாய்ந்த கால்கள், அதே கீழ்த்தட்டு. பலகைதான் பொடிப்பலகை, மேலே இருந்த மெல்லிய மரத்தோல் உரிந்து, ஒரு மூலை தண்ணீர் குடித்து ஊறியிருந்தது. பழைய தோலைச் செருப்புக் கத்தியால் சுரண்டி எடுத்தான். ஊறிய மூலையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தான். தச்சன் ஹப்தாமுவிடம் வான்சா வெனீர் வாங்கினான்.

"எதை வச்சு ஒட்டப் போறே, அண்ணே?"

"மாஸ்டிஷ்."

"செருப்புப் பசையா? வேணாம். வெள்ளைப் பசையைத் தடவி, மேல பாரத்தை ஏத்தி ஒரு ராத்திரி விட்டுடு."

"இருபது வருசமா ஒட்டிட்டிருக்கேன். எனக்கே சொல்லித் தர்றியா?"

"உன் செருப்பு நடக்கணும், அண்ணே. மேசை நடக்கக் கூடாது" என்றான் ஹப்தாமு, காசை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு.

கடைசிக் கம்பியும் வந்தது. வெனீர் வழுவழுவென்று படிந்திருந்தது. ஓரங்களைச் சீவினான். நிறம் வெளிறியிருந்ததால் பழசின் பழுப்பு வருவதற்காகப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த தோல்சாயத்தைத் துணியில் தொட்டுத் தேய்த்தான். அது காய்ந்ததும் வார்னிஷ், பிறகு மெல்லிய உப்புத்தாள், மறுபடி வார்னிஷ். மூன்றாம் தடவைக்கு மேசை பளபளத்தது. பழசு இவ்வளவு பளபளத்ததில்லை. அதற்காகக் கொஞ்சம் சாம்பலைப் போட்டு மங்கலாக்கினான். பூசி மெழுகுவது என்பதற்கு இதைவிட நேரான அர்த்தம் இருக்க முடியாது. வேலை முடிந்து பின்னுக்கு வந்து நின்று பார்த்தபோது, இது அதேதான் என்று அவனுக்கே ஒரு கணம் தோன்றியது. அந்தச் சந்தோஷம் அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வாசலில் அயலெச் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"நாத்தம் மூணு மாடிக்கு வருது, தம்பி. செத்துப்போன மேசைக்கு உயிர் குடுத்துட்டே."

"அக்கா, நீங்க பாட்டுக்கு ஏதாவது..."

"நான் வாயைத் திறக்கமாட்டேன். எங்க வீட்டுத் தொட்டி மேல சத்தியம்."

ஞாயிறு காலையில் தெவாபெச் வந்தாள். விமான நிலையத்தில் அவளைக் கண்டுபிடிக்க அவனுக்குச் சற்று நேரமானது. இளைத்திருந்தாள், முன்பக்கத்தில் ஒரு பல் இல்லை. கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டுக்கொண்டார்கள், பிறகு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் பையைக் கீழே வைக்காமலே மேசையிடம் போனாள். பலகையின் மேல் கையை ஒரு தடவை ஓடவிட்டாள். விரலை விளிம்புக்கு அடியில் கொடுத்து மூலைவரைக்கும் தடவினாள். அங்கே விரல் நின்றது. கிசாச்சோ அவள் பையை வாங்கக் கை நீட்டினான்.

"நல்லா வச்சிருக்கே" என்றாள்.

அவ்வளவுதான். குளிக்கப் போனவள் நீலத் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "தொட்டி நல்லா இருக்கே, எப்ப வாங்கினே?" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"ஒரு மழைக்காலத்துல" என்றான்.

சாயங்காலம் காபிக்கு ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவளை வந்து பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை. அயலெச்சும் மேல்மாடிப் பெண்கள் மூன்று பேரும். தெவாபெச் தரையில் பச்சைப் புல்லைத் தூவி, நடுவில் சிறு அடுப்பை வைத்து, காபிக்கொட்டையை வறுத்தாள். புகை எழும் சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். இடித்து, கழுத்து நீண்ட கறுப்பு மண்கூஜாவில், ஜெபனாவில் போட்டுக் கொதிக்க வைத்து, முதல் சுற்றை ஊற்றினாள். கைக்கு எட்டிய தூரத்தில் மேசை, அதன் மேல் ஒரு தட்டுச் சோளப்பொரி. பெண்கள் பெய்ரூட்டைப் பற்றிக் கேட்டார்கள். அவள் கடலைப் பற்றி மட்டும் சொன்னாள். கடல் பெரிதாக இருந்தது என்றாள். வேலை பார்த்த வீட்டின் சன்னலிலிருந்து ஒரு துண்டு தெரியும், துணி காயப்போடும்போது.

"அப்ப மனுசங்க?" என்றாள் மேல்மாடிக்காரி.

"மனுசங்களும் இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, ஜெபனாவை எடுத்துக்கொண்டு இரண்டாம் சுற்றுக்குத் தண்ணீர் ஊற்ற அடுப்படிக்குப் போனாள்.

காற்று திரும்பி, சாம்பிராணிப் புகை நேராக அயலெச்சின் கண்ணுக்கு வந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மண்சட்டியைத் தணலோடு தூக்கி மேசையின் மேல் வைத்தாள்.

"அதைக் கீழ வையுங்க, அக்கா" என்றான் கிசாச்சோ.

"ஏன், தம்பி? முழு வான்சாவுக்குச் சூடு சுடுமா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை. எழுந்துபோய் எடுத்திருக்கலாம். எடுத்தால் ஏன் என்பார்கள். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறையில் ஒரு செருப்பின் அடித்தோலைப் பிரிக்க வேண்டுமென்றால் என்ன செய்வான்? அடுப்பருகே காட்டுவான். மாஸ்டிஷ் இளகும், தோல் கையோடு வந்துவிடும். தினம் தினம் செய்கிற காரியம். பசையைத் தடவும்போது அது புத்தியில் தட்டவில்லை. இப்போது தட்டியது. சட்டிக்குப் பக்கத்தில் வார்னிஷ் முதலில் மங்கியது. பிறகு வெனீர் மெல்ல எழும்பியது. அப்பம் உப்புவதுபோல, அவசரமில்லாமல், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். மேல்மாடிப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை நிறுத்தினாள்.

தெவாபெச் ஜெபனாவோடு வந்து நின்றாள். பார்த்தாள். ஜெபனாவைக் கீழே வைத்துவிட்டு, சூட்டைக்கூடப் பாராமல் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் புல்லின் ஓரத்தில் வைத்தாள். சோளப்பொரித் தட்டை நகர்த்தி, உப்பலின் மேல் பொருந்த வைத்தாள்.

"புகையை மேசை மேல வச்சா, காபி போதும் கெளம்புங்கன்னு அர்த்தம்" என்றாள்.

"எந்த ஊர்ல?" என்றாள் அயலெச்.

"பெய்ரூட்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அயலெச் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். இரண்டாம் சுற்று நடந்தது, மூன்றாம் சுற்றும் நடந்தது. பொரி தீர்ந்த பிறகும் யாரும் தட்டை எடுக்கவில்லை. பொரி எடுக்கக் கை நீட்டியவர்கள்கூட அதை நகர்த்தாமல்தான் எடுத்திருந்தார்கள். மூத்தவள் ஒருத்தி வீட்டுக்கு ஆசி சொன்னாள். புறப்படும்போது அயலெச் வாசலில் கிசாச்சோவின் காதருகே வந்து, "நான் ஒண்ணும் சொல்லல, பாத்தியா?" என்றாள். அவள் வேண்டுமென்றே வைத்தாளா, கண் எரிச்சலில் வைத்தாளா என்று அவனால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தான். தெவாபெச் தட்டை எடுத்துவிட்டு, உப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை அகலம் இருந்தது. சன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"பிளேடு இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தான்.

"இஸ்திரிப் பெட்டி. பழைய துணி ஒண்ணு."

அவன் அதையும் எடுத்துவந்தான். அவள் மண்டியிட்டு, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் பார்த்தாள். ரேகையின் போக்கிலேயே பிளேடால் ஒரு கீறு கீறினாள். நேராக, ஒரே இழுப்பில். உள்ளேயிருந்த காற்று அடங்கி, வெனீர் கொஞ்சம் தணிந்தது. மூக்கைக் கீறலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"என்ன பசை?"

"மாஸ்டிஷ்."

"அதான் இந்த நாத்தம். பழசுல வெள்ளைப் பசை. அதுக்கு ஈரத்துணி போடணும். இதுக்கு வேணாம்னு நெனைக்கிறேன்."

துணியை விரித்து, இஸ்திரியை இதமான சூட்டில் வைத்து, நிறுத்தாமல் சின்ன வட்டமாக ஓட்டினாள். தேய்த்துக் கைதேர்ந்த வட்டம். கிசாச்சோ அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலைவிட்டு வந்தால் சுடும் மேசை. கசங்கியே தொங்கும் சட்டை. தரையைவிட்டு ஏறக் கூடாத சாம்பிராணிச் சட்டி.

"பழசு வான்சா இல்லையா?" என்றான்.

"பொடிப்பலகை. கல்யாணத்துக்கு முன்னால மினாலெஷ் தெராவுல வாங்கினேன். வருசத்துக்கு ரெண்டு தடவ எழும்பும். நீ வேலைக்குப் போனப்புறம் உக்காந்து தேச்சு ஒட்டவைப்பேன்."

"உன் சித்தப்பா?"

"எனக்கு ஏது சித்தப்பா?" இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். "உங்கம்மா ஒரு தடவ அதைத் தட்டிப் பாத்திருந்தா போதும், என் கதை முடிஞ்சிருக்கும். தடவித்தான் பாத்தாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயமாக இருந்தது. அவள் இன்னும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உள்ளங்கையைத் துணியின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்திக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எப்பக் குடுத்தே?"

பொய் சொல்லப் போதுமான நேரம் இருந்தது. போன வருடம் என்று சொல்லலாம். திருட்டுப் போயிற்று என்று சொல்லலாம். அத்தனை நாளாக ஒத்திகை பார்த்தவைதான்.

"நீ போன் பண்ணாம இருந்தியே, அந்த மழைக்காலத்துல."

"எதுக்குக் குடுத்தே?"

அவன் மோவாயால் குளியலறைப் பக்கம் காட்டினான். கதவு திறந்திருந்தது. நீலத் தொட்டியில் காலையில் அவள் கால் நனைத்த தண்ணீர் அப்படியே கிடந்தது.

"அது ஒண்ணுக்கா?"

"ரெண்டு. ஒண்ணை அயலெச் அக்கா வாங்கிக்கிட்டா."

அவள் தலையை ஆட்டினாள். மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சுட்டேன்" என்றான் கிசாச்சோ. சொல்லிவிட்ட பிறகுதான், எதற்காக வெனீர் தேடி அலைந்தானோ அந்த வார்த்தையையே தன் வாயால் சொல்லிவிட்டது தெரிந்தது.

தெவாபெச் கையை எடுக்கவில்லை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். "அந்த மழைக்காலத்துல."

அந்த மாதங்களில் அங்கே மழையே கிடையாது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. என்ன நடந்தது என்று கேட்க வாயெடுத்தான். அவள் விழுந்த பல்லின் இடைவெளியை நாக்கால் தொட்டுக்கொண்டிருந்தாள். அவன் கேட்கவில்லை.

"எனக்குக் கை வலிக்குது. நீ வை" என்றாள்.

அவன் மண்டியிட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். பசைக் கறை ஏறிய விரல்கள். துணிக்கு அடியில் இன்னும் சூடு இருந்தது. அதற்கும் அடியில் ஏதோ மெல்ல எழும்பப் பார்ப்பதுபோலவும், இல்லை, அது தன் நாடிதான் என்பதுபோலவும் அவனுக்குப் பட்டது.

"ஒட்டுச்சா?" என்றான்.

"ஆறட்டும். அதுக்கு முன்னாடி எடுத்துப் பாத்தா மறுபடி எழும்பும்."

கை வலிக்கிறது என்றவள், தன் கையையும் எடுக்கவில்லை. தரையில் புல் வாடத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் மண்டியிட்டபடி, கையோடு கை சேர்த்து மேசையை அழுத்திக்கொண்டு, ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள்.